புல்லுருவிக்கு வேண்டியது நட்சத்திரமா, பரீட்சையா?

(கடலூர் முதுநகரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் புல்லுருவியைப் பற்றியதாகும். சுயமரியாதை மேடையில் புல்லுருவிக்கு என்ன வேலை என்று சிலர் சிரிப்பது நமக்குத் தெரிகின்றது. ஆனால் சிதம்பரம் பக்கத்திலிருந்தும் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் குடியானவர்கள் சிரிக்கவில்லை. ஏனென்றால், மரத்துப் புல்லுருவியைப் பறித்துச் சாறெடுத்து அடித்தால் சம்பா நெல்லில் காணும் கருகல் நோய் போய்விடும் என்பதாக அவர்கள் காதில் ஒரு பேச்சு விழுந்திருக்கின்றது. சாறெடுத்துப் புட்டியில் அடைத்து விலை சொல்லுகிறவரும் வந்துவிட்டார். இது மெய்யா பொய்யா என்பதுதான் கேள்வி. மெய்யானால் நாலு காசு மிச்சம். பொய்யானால் கடன் வாங்கி வைத்த பயிர் போய்விடும். ஆகவே இது நம் மேடைக்கு ஏற்ற விஷயமே தவிர வேறல்ல.

முதலில் புல்லுருவி என்றால் என்ன என்று பார்ப்போம். மாமரத்திலும் வேப்பமரத்திலும் நடுக்கிளையில் வேறு ஜாதி இலையாய், கொத்துக்கொத்தாய்த் தொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். இது ஆகாயத்திலிருந்து விழுந்ததென்றும், தெய்வ அம்சமென்றும் நம் பாட்டன்மார் சொன்னார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. மண்ணில் வேரில்லாத செடியைக் கண்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நடப்பதோ வெகு சாதாரணமான காரியம். பூக்கொத்தி என்கின்ற கட்டைவிரலளவுக் குருவி ஒன்று உண்டு. அது புல்லுருவிப் பழத்தைத் தின்கின்றது. அந்தப் பழத்தின் விதையைச் சுற்றிப் பசை போன்ற வழவழப்பு இருப்பதால், எச்சமிடும்போது விதை குருவியின் பின்புறத்திலேயே ஒட்டிக்கொள்ளுகின்றது. குருவி அதைக் கிளையில் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பறந்துபோகின்றது. துடைத்த இடத்தில் விதை முளைத்து, வேருக்குப் பதிலாய் ஓர் உறிஞ்சு உறுப்பை மரப்பட்டைக்குள் ஆணியைப் போல் இறக்கி, மரம் ஏற்றுகின்ற தண்ணீரையும் உப்பையும் திருடிக்கொள்ளுகின்றது. ஆகாயமும் தெய்வமும் இந்தக் கதையில் எங்கும் வரவில்லை. ஒரு குருவியின் பின்புறம் மட்டுமே வருகின்றது.

உழைக்காமல் உண்கிறவனைப் பார்த்து "சமுதாயப் புல்லுருவி" என்று நாம் மேடைக்கு மேடை திட்டுகிறோம். புல்லுருவிக்கு வாயிருந்தால் நம்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும். அது பச்சை இலை வைத்திருக்கின்றது. தண்ணீரைத்தான் திருடுகிறதே ஒழிய, வெய்யிலில் நின்று தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளுகின்றது. வேலிமேல் மஞ்சள் நூலாய்ப் படருகின்ற அம்மையார் கூந்தலுக்கு அந்த யோக்கியதையும் கிடையாது. அதற்கு இலையுமில்லை, மண்ணில் வேருமில்லை; முழுச் சோறும் பிறத்தியான் வீட்டில்தான். கரும்பிலும் சோளத்திலும் வேரோடு ஒட்டி வாழும் சுடுமல்லியும், புகையிலைக் கொல்லையில் கிளம்புகின்ற புகையிலைக் காளானும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. இவற்றால் நட்டப்பட்ட குடியானவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நிற்க, இந்தப் புல்லுருவியை வைத்து நடந்துவருகின்ற வியாபாரத்தைப் பாருங்கள். இன்ன மரத்துப் புல்லுருவியை இன்ன நட்சத்திரத்தில், காப்புக் கட்டி, தூபம் காட்டி, யாரும் பாராமல் பறித்து, பட்டுத் துணியில் முடிந்து பெட்டியில் வைத்தால் பணம் பெருகும். இன்ன மரத்ததை அரைத்துத் திலகமிட்டால் எதிரி வசியமாவான் என்று மாந்திரீகர் சொல்லுகின்றார்கள். பெட்டியில் வைத்தவனுக்குப் பணம் பெருகியதோ என்னவோ, விற்றவனுக்குப் பெருகியது நிச்சயம். இது தமிழ்நாட்டுக்கு மாத்திரம் உள்ள பைத்தியமுமல்ல. ஏறக்குறைய 1950 வருஷங்களுக்கு முன் ரோமாபுரியில் இருந்த பிளினி என்பவர், கால் தேசத்தில் வெள்ளுடை உடுத்திய புரோகிதர்கள் ஓக் மரத்தின் மேலேறிப் பொன் அரிவாளால் புல்லுருவியை அறுப்பார்களென்றும், அது சந்திரனின் ஆறாம் நாளில்தான் நடக்குமென்றும், இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலியிடுவார்களென்றும் எழுதி வைத்திருக்கிறார். அவர்களுக்கும் நம்மவர்களுக்கும் கடிதப் போக்குவரத்து இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அங்கே ஆறாம் நாள், இங்கே நட்சத்திரம். அங்கேயும் புரோகிதர், இங்கேயும் புரோகிதர்! ஆச்சரியமான ஒற்றுமை!

இதில் ஒன்றை மட்டும் நாம் யோக்கியமாய் ஒப்புக்கொள்ள வேண்டும். "எந்த மரத்துப் புல்லுருவி" என்று மாந்திரீகர் கேட்கிறாரே, அந்தக் கேள்வி அர்த்தமற்றதல்ல. நட்சத்திரம் சுத்தப் புரட்டு, மரம் புரட்டல்ல. தான் ஒட்டிய மரத்தின் சாற்றிலுள்ள சில சரக்குகளைப் புல்லுருவியும் இழுத்துக்கொள்ளுகின்றது. அரளி எவ்வளவு கொடிய விஷம் என்பது உங்களுக்குத் தெரியும். அரளியின்மேல் வளர்ந்த புல்லுருவியைச் சோதித்த ரசாயனிகள், இருதயத்தைத் தாக்குகின்ற அரளியின் விஷச் சரக்குகள் புல்லுருவியிலும் இருப்பதாகக் கண்டு 1961-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். மாமரத்துப் புல்லுருவியும் அரளிப் புல்லுருவியும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். ஆகவே "புல்லுருவிச் சாறு" என்று மட்டும் எழுதி, எந்த மரத்திலிருந்து எடுத்தது என்று எழுதாத புட்டியைக் கையில் தொடாதீர்கள். புல்லுருவி முந்நூறு வகைக்கு மேற்பட்ட மரங்களில் ஒட்டுகின்றது என்கிறார்கள். அப்படியானால் முந்நூறு வகைச் சாறு!

இனி, விஞ்ஞானம் என்ன சொல்லுகின்றது என்பதற்கு வருவோம். நம் நாட்டு ஆராய்ச்சிச்சாலைகளில் புல்லுருவியை இன்றுவரை பலபேர் ஆராய்ந்திருக்கிறார்கள். உதாரணமாக, ராஞ்சிக்கு அடுத்த மேஸ்ராவிலுள்ள தொழில்நுட்பக் கழகத்தார் 2008-ல் இதன் எரிசாராயச் சாற்றை எடுத்து, புண் ஆற்றுகிறதா, கிருமியைத் தடுக்கிறதா, பிராணவாயுவால் கெடுவதைத் தடுக்கிறதா என்று மூன்று வகையாய்ச் சோதித்து, மூன்றிலும் குணம் தெரிகின்றது என்று எழுதினார்கள். இலையில் துவர்ப்புச் சத்தும், குவெர்சிட்ரின் முதலிய மஞ்சட் சத்துக்களும் இருக்கின்றன. ஆகவே புல்லுருவியில் ஒன்றுமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. உள்ளதை உள்ளது என்று சொல்லுவதுதான் பகுத்தறிவு.

ஆனால் அந்தச் சோதனைகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதை நீங்கள் தெரிந்துகொண்டாக வேண்டும். தெரியாவிட்டால் புட்டிக்காரர் சொல்லுவதே வேதமாகிவிடும். கண்ணாடித் தட்டில் கடற்பாசிக் கூழை ஊற்றி உறையவைத்து, அதன்மேல் கிருமியைத் தடவி, நடுவில் குழி தோண்டி அதில் சாற்றை விடுவார்கள். மறுநாள் பார்த்தால் தட்டு முழுவதும் கிருமி படர்ந்திருக்க, குழியைச் சுற்றி மட்டும் வட்டமாய் வெறிச்சென்றிருக்கும். அந்த வட்டத்தை அளந்து எழுதுவார்கள். இது கிருமித் தடுப்புச் சோதனை. மற்றொன்று நிறச் சோதனை. ஊதா நிறமான ஒரு ரசாயனக் கரைசலில் சாற்றைச் சொட்டினால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்ததோ அவ்வளவுக்குச் சாற்றில் ஆக்சிஜனேற்றத் தடுப்புக் குணம் உண்டு என்று கணக்கு. புட்டியின்மேல் "ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்" என்று அச்சிடுகிறார்களே, அதற்கு மூலம் இதுதான். தேயிலைத் தண்ணீரை விட்டாலும் அந்த ஊதா வெளுக்கும்.

இந்த வெளுப்பைக் காட்டி "பயிருக்கு வலுவூட்டும்" என்று ஒருவர் சொன்னால், அவரை ஒரு கேள்வி கேளுங்கள். கிருமி உள்ளே நுழைந்ததும் பயிர் என்ன செய்கின்றது தெரியுமா என்று கேளுங்கள். நுழைந்த இடத்தில் பயிர் தானாகவே ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கடுமையான சரக்கைக் கிளப்பிவிட்டு, கிருமியை எரிக்கப் பார்க்கின்றது. பக்கத்து உயிரணுக்களுக்கும் அதையே அபாயச் சங்காக ஊதுகின்றது. அதாவது, ஆக்சிஜனேற்றமே அங்கு பயிரின் ஆயுதம். கிருமியோ அந்த ஆயுதத்தை மழுக்குகின்ற சரக்கைத் தன்னிடம் வைத்திருக்கின்றது. அப்படியிருக்க, வெளியிலிருந்து தடுப்புச் சாற்றைத் தெளித்தால் அது பயிருக்குத் துணையா, கிருமிக்குத் துணையா? வெறும் ஊதாத் தண்ணீர் இதற்குப் பதில் சொல்லாது. வயலில் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது நெல்லின் நோய்க்கு வருகிறோம். இலையின் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் அலையலையாய் மஞ்சளித்துப் பின் வைக்கோல் நிறமாய்க் காய்ந்து வருகிறதே, அந்த இலைக் கருகலுக்குக் காரணம் சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் பாக்டீரியா. கடுமையாய்க் கண்டால் பாதி மகசூல் போவதும் உண்டு. 1884-ல் ஜப்பானில் புகுவோகா பக்கத்துக் குடியானவர்கள் இதை முதலில் கண்டார்கள். நம் ஊரில் கண்ணேறு என்று பூசணிக்காய் உடைப்பதைப்போல, அவர்கள் பனித்துளியில் புளிப்பேறிவிட்டது என்று எண்ணினார்கள். ஆனால் 1909-ல் ஒருவர் அந்தக் கலங்கிய பனித்துளியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். துளி முழுவதும் கிருமிக் கூட்டம்! அதை நல்ல பயிரில் ஏற்றினார். அதற்கும் நோய் வந்தது.

இதற்குப் பூதக்கண்ணாடிகூட வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாய்க் கருகத் தொடங்கிய இலையை, பச்சையும் மஞ்சளும் சேருகிற இடத்தில் கத்தரித்துத் தண்ணீரில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சில நிமிஷங்களில் வெட்டுவாயிலிருந்து நூல்நூலாய்ப் பால்போன்ற கசிவு இறங்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கிவிடும். அப்படிக் கலங்கினால் கருகல் பாக்டீரியாவினுடையது. கலங்காவிட்டால் பூச்சியோ, சத்துக் குறைவோ, வேறெதுவோ. கிருமியே இல்லாத வயலுக்குக் கிருமி மருந்து வாங்குகிற நட்டம் இந்த ஒரு டம்ளர் தண்ணீரில் மிச்சமாகும்.

சரி, கண்ணாடித் தட்டில் கிருமியைத் தடுத்த சாறு வயலில் தடுக்காதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தட்டில் ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம் சாற்றுச் சரக்கு தேவைப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 5 கிராம் ஆகின்றது. ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் ஒரு கிலோ காய்ந்த சரக்கு வேண்டும். பத்துக் கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிலோ சரக்கு கிடைக்குமென்றால், பச்சை இலை அதைப்போல் மூன்று பங்காவது பறிக்க வேண்டும். அதை ஊறவைக்க, ஒன்றுக்குப் பத்து என்ற ஆராய்ச்சிச்சாலைக் கணக்குப்படி, எரிசாராயம் 100 லிட்டர்! இந்த ஜில்லாவில் அவ்வளவு சாராயத்தை வயலுக்கு வாங்கினேன் என்று யாராவது சொன்னால் போலீசார் நம்புவார்களா என்பது வேறு விஷயம். எரிசாராயத்துக்குப் பதில் வெறும் தண்ணீரில் காய்ச்சினால், அதே சரக்கு அதே அளவில் இறங்காது. எரிசாராயச் சாற்றுக்குக் கிடைத்த பெயரைத் தண்ணீர்க் கஷாயத்தின் புட்டியில் ஒட்டுவது, கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயரைப் போட்டுத் தம்பிக்குத் தாலி கட்டச் சொல்லுவது போலாகும்.

அதன்மேல் மழை வேறு. இந்தக் கருகல் பரவுவதே மழையாலும் காற்றாலும்தான். இலையோடு இலை உராய்ந்து காயப்பட, அந்தக் காயத்தின் வழியாகவும், இலை ஓரத்திலுள்ள நீர்த் துளைகள் வழியாகவும் கிருமி உள்ளே போய்க் குழாய்களில் குடியேறுகின்றது. நம் சம்பாவோ வடகிழக்குப் பருவமழையில் நிற்கின்ற பயிர். மேலே தெளித்த துவர்ப்புச் சாறு ஒரு மழையில் கழுவிப்போனால், குழாய்க்குள் இருப்பவனை என்ன செய்யும்? தட்டில் மழை பெய்வதில்லை. தட்டில் சோதித்த கிருமிகளிலும் மனிதனுக்குப் புண்ணும் பேதியும் தருகின்றவைதான் பெரும்பாலும். ஒரு கிருமிக்குக் கேட்ட மருந்து மற்றொன்றுக்கும் கேட்கும் என்பதற்கு யாரும் உறுதி கொடுக்க முடியாது.

அப்படியானால் செடிச் சாறுகளே வீணா? இல்லை. வேம்பைப் பாருங்கள். 1968-ல் அதன் கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்னும் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. எவ்வளவு போட்டால் எந்தப் பூச்சி தின்னாமல் நிற்கின்றது என்று வயலிலும் பார்த்தார்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்று அளவு சொல்லும்படி ஆயிற்று. வேப்பெண்ணெயால் பூஞ்சக்காளானைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க அரசாங்க வேளாண்மை இலாகாவும் ஒரு கம்பெனியும் 1994-ல் ஐரோப்பாவில் பெற்ற பேடண்ட், நம் நாட்டில் முன்பே தெரிந்த காரியம் என்று காட்டப்பட்டு 2000-ல் ரத்தாகி, 2005-ல் அப்பீலிலும் தோற்றது. வேம்பு வென்றது மாரியம்மனுக்கு உகந்த மரம் என்பதால் அல்ல. அளவும் சாட்சியமும் இருந்ததால்தான். அதேபோல், கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இந்தக் கருகலுக்குப் புதுச் சாணத்தைக் கரைத்து, தெளியவைத்து வடிகட்டிய நீரை அடிக்கும்படி பரிந்துரை செய்திருக்கிறார்கள். சுயமரியாதைக்காரர் சாணி தெளிக்கலாமா என்று கேலி செய்ய நினைப்பவர்களுக்குச் சொல்லுகிறோம்: தாராளமாய்த் தெளிக்கலாம், கும்பிட்டுத் தெளிக்க வேண்டியதுதான் இல்லை.

ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த மருந்தை அடித்தால் போயிற்று என்று நினைக்கிறவர்களும் இருக்கிறீர்கள். அது மனிதரின் க்ஷயரோகத்துக்கும் ஆன மருந்து. வயலெல்லாம் அதைக் கொட்டினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பிறகு ஆஸ்பத்திரியில் அது பலிக்காது. அதனால்தான் பயிரில் அதை நிறுத்துவதற்கான வரைவு உத்தரவை இந்திய அரசாங்கம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. புல்லுருவி போன்றவற்றை ஆராய வேண்டிய அவசியம் வந்ததும் இதனால்தான். அந்த ஆராய்ச்சியை நாம் கேலி செய்யவில்லை. ஆராய்ச்சி முடியுமுன் புட்டியில் அடைப்பதைத்தான் கேலி செய்கிறோம்.

சோதனை என்றால் என்ன என்பதற்கு ஒரு உதாரணம். 1940 மே மாதம் 25-ந் தேதி ஆக்ஸ்போர்டில் எட்டு சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியை ஏற்றினார்கள். நாலுக்குப் பென்சிலின் கொடுத்தார்கள், நாலுக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் கொடுக்காத நாலும் செத்துக் கிடந்தன, கொடுத்தவை உயிரோடிருந்தன. இதில் உயிரான விஷயம் எது? மருந்து கொடுக்காத அந்த நாலு எலிகள்தான். அவை இல்லாவிட்டால், "தானாகவே பிழைத்திருக்கும்" என்று யாரும் சொல்லிவிடலாம். நம் மாந்திரீகரிடமும் புட்டிக்காரரிடமும் இல்லாதது அந்த நாலு எலிகளே.

உங்கள் வயலிலும் அவற்றை வைக்கலாம். ஒரே மாதிரி மண், ஒரே நாற்று, ஒரே உரம் உள்ள ஒரு மூலையைப் பன்னிரண்டு சிறு பாத்திகளாக முளையடித்துப் பிரியுங்கள். நாலில் வெறும் தண்ணீர். நாலில் ஒட்டுவதற்குக் கலக்கும் சோப்புத் தண்ணீர் மட்டும். நாலில் சோப்போடு சாறு. எந்தப் பாத்திக்கு எது என்பதை உங்கள் இஷ்டத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நல்ல பாத்தியை நம்மையறியாமல் மருந்துக்கு ஒதுக்குகிற வஞ்சகம் எல்லார் மனதிலும் உண்டு. அதைத் தடுக்கத்தான் இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வயல்களில் வேலை பார்த்த ஃபிஷர் இந்தக் குலுக்கலை முறையாக்கினார். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவர்களுக்குக் குலுக்கல் புதிதல்ல. அங்கே தெய்வத்தின் வாயைப் பிடுங்குகிறீர்கள், இங்கே உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுகிறீர்கள், அவ்வளவே வித்தியாசம். கருகிய இலையை எண்ணுகிறவனுக்கு எது எந்தப் பாத்தி என்று தெரியக்கூடாது. கடைசியில் நெல்லைத் தனித்தனியே அடித்து நிறுங்கள். முடிவு எப்படியிருந்தாலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண்மைப் பிரிவாருக்கோ, பாலூர் ஆராய்ச்சி நிலையத்தாருக்கோ எழுதிக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், நம் வரிப்பணத்தில் அவர்கள் இருப்பதே அதற்காகத்தான்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டுமென்பதில்லை. நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள். கிள்ளிய காயம் கிருமிக்கு வாசற்படி. பச்சை கறுத்து நிற்க வேண்டுமென்று யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். ஆந்திரா பொன்னி என்று நீங்கள் நடுகிற சம்பா மசூரியிலேயே, கருகலை எதிர்க்கும் மூன்று குணங்களைச் சேர்த்த திருந்திய ரகம் ஒன்றை ஐதராபாத் ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. ஜாதி கலந்தால் கெட்டுப்போகும் என்கிறவர்கள் அந்த நெல்லைத் தின்னாமல் இருக்கட்டும்!

இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒரு தோழர், "புல்லுருவிச் சாற்றைக் குடித்தால் சர்க்கரை வியாதி போகுமா?" என்று கேட்டிருக்கிறார். பயிருக்கே நிச்சயமில்லாததை வயிற்றுக்குள் விடாதீர்கள்; அரளி மரத்ததாயிருந்தால் வியாதியோடு நீங்களும் போய்விடுவீர்கள். மற்றொருவர் பண்ருட்டிப் பக்கத்தவர், "மாந்தோப்பில் புல்லுருவி ஏறிவிட்டது, மருந்துக்கு விலை போகுமென்று விட்டு வைக்கலாமா?" என்கிறார். விட்டு வைக்காதீர்கள். விலை வருமுன் கிளை பட்டுப்போகும். இலைக் கொத்தை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். ஆணி உள்ளே இருக்கின்றது. ஒட்டின இடத்துக்குக் கீழே ஓரடி தள்ளிக் கிளையோடு அறுத்துவிடுங்கள். அதையும் பழம் பழுத்துக் குருவி வருவதற்கு முன் செய்யுங்கள்.